நீண்டகரையிலிருந்து தேங்காப்பட்டணம்: வள்ளத்தையும் நாயையும் கடல் வழியே ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

பதினோரு வருடம் கொல்லத்தில், சக்திகுளங்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். போன பிப்ரவரியில் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள சொந்த ஊரான நீரோடிக்கே திரும்பிவிட்டோம். வீட்டுச் சாமான் ஒரு டெம்போவில் போனது. நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் நாய் செம்பனும், அங்கே வாங்கிய பழைய ஃபைபர் வள்ளத்தில் கடல் வழியே வந்து சேர்ந்தோம். கடலில் இருந்தது இரண்டு காலைப்பொழுது மட்டும்தான். அதற்கு முன் காகிதத்துக்காக அலைந்தது ஏழு வாரம். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் நான்கு வாரமாவது மிச்சமாகியிருக்கும்.

நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கமிருந்து பழைய வள்ளம் வாங்கக் கொல்லத்துக்குப் போகிறவர்களுக்காகவும், நாயை விட்டுவிட்டு வர மனசில்லாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இவர் இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். கடலைப் பற்றி இதில் இருப்பதெல்லாம் இவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. காகிதமும் நாயும் என் பொறுப்பு.

1. லாரியா, கடலா? இதை முதலில் முடிவு செய்யுங்கள்

28 அடி வள்ளத்தைக் கொல்லத்துப் பக்கம் உள்ள நீண்டகரைத் துறைமுகத்திலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு லாரியில் கொண்டுவர, கிரேன் கூலியும் சேர்த்து எங்களிடம் 26,000 ரூபாய் கேட்டார்கள். கடல் வழியாக வந்தால் கிட்டத்தட்டப் பாதி மிச்சம். அந்தப் பணத்துக்காக மட்டும் கடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வள்ளத்தில் இருக்கும் ஒருவருக்காவது இந்தக் கரையின் பார்களும் (கடலடிப் பாறைகள்) பொழிமுகங்களும் (ஆறோ காயலோ கடலில் சேரும் வாய்) தெரிந்திருக்க வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டும் அளவுக்குக் கைப்பழக்கமும் வேண்டும். உங்கள் இருவருக்கும் அது இல்லையென்றால், தெரிந்த ஒருவரை நாள்கூலி பேசிக் கூட்டிவாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் லாரிதான் சரி.

எங்களுக்கு இன்னொரு காரணம் செம்பன். டெம்போவில் ஏற்றினால் பத்தாவது நிமிடம் வாயில் நுரை தள்ளிவிடும். ரயிலிலும் வழியில்லை. முதல் வகுப்பு ஏசியில் தனி கூப்பே (இருவர் அறை) கிடைத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வேனில் பெட்டிக்குள் அடைத்து அனுப்ப வேண்டும். வள்ளத்தில் அவன் எப்படி இருப்பான் என்பதைப் பழக்கிப் பார்த்த பிறகே முடிவு எடுத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

2. முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

நாங்கள் செய்த பெரிய தவறு இங்கேதான். வள்ளம் பார்க்க நன்றாக இருந்தது. புரோக்கர் 'எல்லா பேப்பரும் கிளியர் சேட்டா' என்றார். 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். பிறகு பதிவுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால், அதில் இருந்த எஞ்சின் எண் ஒன்று, வள்ளத்தில் மாட்டியிருந்த எஞ்சினின் எண் வேறு. விற்றவர் மூன்று வருடத்துக்கு முன்பே எஞ்சினை மாற்றியிருக்கிறார், பதிவில் மாற்றவில்லை. அதைச் சரி செய்யவே மூன்று வாரம் போனது.

அதனால் பணத்தை எடுக்கும் முன் இவற்றைக் கையில் வாங்கிப் பாருங்கள்:

பதிவுச் சான்றிதழ். அதில் உள்ள எண்ணும் வள்ளத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நீளம், அகலத்தை டேப் வைத்து அளந்து சரிபாருங்கள். பழுது பார்க்கும்போது வள்ளத்தை நீட்டிக் கட்டியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

மீன்பிடி உரிமம். கேரளத்தில் 1980 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தருவது. காலாவதி ஆகியிருந்தால் விற்கிறவரே புதுப்பித்துத் தரட்டும். உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எஞ்சின் பில். எஞ்சினில் எண் அடித்திருக்கும் தகட்டை ஃபோனில் படம் எடுத்து, பில்லோடும் பதிவோடும் ஒப்பிடுங்கள். உப்புப் படிந்து எண் தெரியாவிட்டால் மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால் தெரியும்.

கடன் பாக்கி இல்லை என்ற கடிதம். வள்ளத்தின் மேலோ எஞ்சினின் மேலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கடன் இருக்கலாம். விற்கிறவர் வாய்மொழியாக 'அடைத்துவிட்டேன்' என்பது போதாது. கடன் கொடுத்த இடத்தின் முத்திரையோடு எழுத்தில் வேண்டும்.

இன்சூரன்ஸ் இருந்தால் அதன் நகல்.

இவை சரி என்றால் முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அதில் வள்ளத்தின் எண், எஞ்சின் எண், விலை, தேதி நான்கும் இருக்க வேண்டும். 'இந்தத் தேதிவரை உள்ள வழக்கு, அபராதம், கடன் எல்லாம் விற்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எழுதிக்கொடுத்தவர் அது தேவையில்லை என்றார். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் அந்த வரியைச் சேர்த்த பிறகே வந்தேன்.

அடுத்தது மாநிலம் மாறும் வேலை. மீன்பிடி வள்ளங்களின் பதிவு நாடு முழுவதும் ரியல்கிராஃப்ட் என்ற இணையதளத்தில் நடக்கிறது. இரண்டு மாநிலமும் அதே தளத்தில்தான் இருக்கின்றன என்பதால் பட்டனைத் தட்டினால் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். கேரள மீன்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு மீன்வளத்துறையில் விண்ணப்பித்து, அவர்கள் ஆள் வந்து வள்ளத்தைப் பார்த்த பிறகே இங்கே எண் கிடைத்தது. உங்கள் பகுதி மத்ஸ்ய பவனில் (கேரள மீன்வளத்துறையின் உள்ளூர் அலுவலகம்) முதல் நாளே போய், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: கேரளப் பதிவை ரத்து செய்வது வள்ளம் கிளம்பும் முன்பா, போய்ச் சேர்ந்த பிறகா? முன்பே ரத்து செய்துவிட்டால் எண் இல்லாத வள்ளத்தோடு கடலில் நிற்பீர்கள். கடலோரக் காவல்துறை நிறுத்தினால் சொல்ல ஒன்றும் இருக்காது. நாங்கள் கேரள எண்ணோடு, விற்றவர் எழுதிக்கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு வந்து சேர்ந்தோம். ரத்து பிறகுதான் நடந்தது.

மண்ணெண்ணெய் பெர்மிட் வள்ளத்தோடு வராது. இங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட்டையும் சேர்த்துத்தான் விலை என்று யாராவது சொன்னால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

3. பெயர் எழுத்து

இது சின்ன விஷயம் போலத் தெரியும், எங்களுக்கு இரண்டு வாரத்தைத் தின்றது. நம் பக்கம் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடுகிறோம். கேரளச் சான்றிதழ்களில் பெயருக்குப் பின்னால் போடுகிறார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், வேறொரு அட்டையில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். மலையாளத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது ஒரு 'ஹெச்' கூடும் அல்லது குறையும். இவர் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது.

வழி இதுதான்: அட்சயா மையத்துக்கு (நம் ஊர் இ-சேவை மையம் போல) போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்ற சான்றுக்கு வில்லேஜ் ஆபீஸுக்கு விண்ணப்பியுங்கள். கொல்லத்திலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு அந்த ஒரு காகிதத்துக்காக மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கும்.

4. எந்த மாதம், எந்த நேரம்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. எங்களைக் கேட்டால் வேறு நேரமே வேண்டாம்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை கரையில் வந்து அடிக்கும். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி நம் பக்கத்து வீடுகளில் செய்ததை நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும் முன் மூன்று நாளுக்கு, மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயர முன்னறிவிப்பையும், வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். கேரளக் கரைக்கு எச்சரிக்கை இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். குமரிக்கடலுக்குத் தனியாகக் காற்று எச்சரிக்கை இருக்கும், அதையும் பாருங்கள். எங்கள் பயணமே அதனால் ஆறு நாள் தள்ளிப்போனது. வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு அந்த ஆறு நாளும் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இருந்தோம். கிளம்பத் திட்டமிட்ட தேதிக்குப் பிறகு பத்து நாளாவது விட்டு, வீட்டைக் காலி செய்யும் தேதியை வையுங்கள்.

நேரம், விடியலுக்கு முன். இரவில் தொடங்கும் கரைக்காற்று காலை ஒன்பது, பத்து மணி வரை இருக்கும். அதுவரை கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். அப்புறம் கடலிலிருந்து காற்று திரும்பும், மதியத்துக்கு மேல் வள்ளம் குதிக்க ஆரம்பிக்கும். மனிதர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம். நாயால் முடியாது. பதினொரு மணிக்குள் கரையில் இருப்பது போலக் கணக்குப் போடுங்கள்.

5. நாயைத் தயார் செய்ய ஐந்து வாரம்

முதல் வாரம் ஊசியும் காகிதமும். கேரளத்தில் நாய் வளர்க்க உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும், அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். சான்றில் நாயின் நிறம், வயது, ஊசி போட்ட தேதி, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா பாருங்கள். எங்கள் அட்டையில் 'பிரவுன் நாட்டு நாய்' என்று மட்டும் இருந்தது. வலது காதில் உள்ள வெட்டுத் தழும்பையும் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவில் மூன்று வாரமாவது இருக்கட்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துத்தான் கூட்டு ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள். துறைமுகங்களில் எலி அதிகம், தேங்கிய தண்ணீரை நாய் நக்கத்தான் செய்யும்.

இரண்டாம் வாரம், கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்குள் சோறு வைத்தேன். அவ்வளவுதான். மூன்றாம் நாள் தானாகவே ஏறிக் குதித்தான். மூன்றாம் வாரம் எஞ்சின் சத்தம். நாங்கள் எடுத்த எடுப்பிலேயே பக்கத்தில் உட்காரவைத்துக் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய, அவன் வேலியைத் தாண்டி ஓடிவிட்டான், தேட ஒரு மணி நேரம் ஆனது. தூரத்தில் வேறு வள்ளத்தின் எஞ்சின் ஓடும்போது மீன் துண்டு கொடுத்துப் பழக்குங்கள், பிறகு மெல்ல மெல்லப் பக்கத்தில் வாருங்கள். நான்காம் வாரம் அஷ்டமுடிக் காயலில் அரைமணி நேரம். ஐந்தாம் வாரம் பொழிமுகம் தாண்டிக் கடலில் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒன்று தெரிந்தது. செம்பன் வள்ளத்தில் ஒன்றுக்குப் போகவே மாட்டான். ஏழு மணி நேரம் அடக்கி வைத்தால் என்ன ஆகும்? கயிற்றுப்பாய் விரித்துப் பார்த்தோம், மோந்துவிட்டுப் போய்விட்டான். கடைசியில் வீட்டுக் கொல்லையில் அவன் தினமும் காலைத் தூக்கும் தென்னை மூட்டு மண்ணையே வெட்டி, ஒரு பிளாஸ்டிக் மீன்பெட்டியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு நிரப்பி, நடுவில் ஒரு மட்டைத் துண்டை நட்டு வைத்தோம். அதில்தான் போனான். பெட்டியைப் பின்பக்கம், எஞ்சின் புகை படாத ஓரமாக வையுங்கள்.

வாங்க வேண்டியவை: முதுகில் கைப்பிடி உள்ள நாய் லைஃப் ஜாக்கெட். கைப்பிடி இல்லாததை வாங்காதீர்கள், தண்ணீரில் விழுந்த நாயைத் தூக்க வேறு பிடி கிடையாது. ஜாக்கெட்டை மாட்டித் தண்ணீரில் இறக்கி, ஒரு கையால் தூக்கி வள்ளத்துக்குள் போட முடிகிறதா என்று ஒருமுறையாவது செய்து பாருங்கள். செம்பன் 19 கிலோ. என்னால் ஒற்றைக் கையால் முடியவில்லை, இரண்டு கையாலும் தூக்கிப் பழகினேன். கழுத்துப் பட்டையில் ஃபோன் எண் எழுதிய தகடு போடுங்கள். ஓடும்போது சங்கிலியை வள்ளத்தில் கட்டாதீர்கள், வள்ளம் கவிழ்ந்தால் நாயும் கூடவே மூழ்கும். கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.

வாந்திக்கு நாம் போடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக்கூடாது. மருத்துவரிடம் எடை சொல்லி வாங்குங்கள். கிளம்புவதற்கு ஐந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் பாதித் தொல்லை போய்விடும். தண்ணீரை நிறுத்தக்கூடாது.

6. எஞ்சின், எரிபொருள், சாமான்

எங்களுடையது 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின். கூடவே பழைய எஞ்சின் ஒன்றையும் கடன் வாங்கி வைத்திருந்தோம். ஒற்றை எஞ்சினோடு கிளம்பவே வேண்டாம். கிளம்பும் முன் கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, தண்ணீர் பம்பைப் பார்த்துவிடுங்கள். எஞ்சினிலிருந்து தண்ணீர் பீச்சி அடிக்கிறதா என்று வழி நெடுக ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்துங்கள்.

நீண்டகரையிலிருந்து விழிஞ்ஞம் சுமார் 43 கடல் மைல், அங்கிருந்து தேங்காப்பட்டணம் சுமார் 14. ஆறு, ஏழு கடல் மைல் வேகத்தில் எங்களுக்கு மணிக்கு நான்கு லிட்டர் பெட்ரோல் ஆனது. மொத்தம் செலவானது 38 லிட்டர், கொண்டுவந்தது 70. இரண்டு மடங்கு என்பது அதிகம் இல்லை. சில பங்க்குகளில் கன்னாஸில் (கேனில்) பெட்ரோல் தரமாட்டார்கள். வள்ளத்தின் பதிவு நகலோடு துறைமுகத்தை ஒட்டிய பங்க்கில் கேளுங்கள், கிளம்பும் நாள் இரவுக்கு விடாமல் முந்தின நாள் பகலிலேயே.

உதிரியாக இரண்டு பிளக், ப்ரொப்பெல்லர் பின் நான்கு, ஸ்பேனர், எரிபொருள் குழாய் ஒன்று. நங்கூரமும் நாற்பது பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கை நீளம்) கயிறும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கிளம்பும்போதே மாட்டிவிடுங்கள். வயர்லெஸ் செட் இருந்தால் 16 ஆம் சேனல். ஃபோன் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல்துறை 1093. இந்த இரண்டு எண்ணையும் வள்ளத்தின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவிட்டோம்.

தண்ணீர் நாய்க்கு மட்டும் ஐந்து லிட்டர். கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் வள்ளம் ஆடும்போது கொட்டிவிடும், அவன் கடல்நீரை நக்கிவிடுவான். அரைமணிக்கு ஒருமுறை உள்ளங்கையில் ஊற்றிக் கொடுங்கள். கோணிச்சாக்கு நான்கு. வெயில் ஏறியதும் ஃபைபர் தரை சுடும், நாயின் பாதம் வெந்துவிடும். சாக்கை நனைத்து விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி நிழல் செய்யுங்கள்.

முந்தின நாள் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வள்ளத்தின் எண், இருவர் பெயர், ஆதார், ஃபோன், புறப்படும் நேரம், தங்கும் இடம், சேரும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். நாங்கள் 'வளர்ப்பு நாய் ஒன்று' என்றும் எழுதினோம். எழுதியது நல்லதாயிற்று, விழிஞ்ஞத்தில் கேட்டபோது அந்த நகலைக் காட்டியதோடு பேச்சு முடிந்தது.

7. முதல் நாள்: நீண்டகரை முதல் விழிஞ்ஞம்

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். பொழிமுகத்தைத் தாண்டியதும் இரண்டு கடல் மைல் வெளியே போய், அப்புறம் தெற்கே திருப்பினோம். கரையை ஒட்டி வந்தால் பக்கம் போலத் தோன்றும், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையின் கயிறும் பாரும் அங்கேதான். ரொம்பத் தள்ளிப் போனால், நீரோட்டத்தில் மிதக்கவிடும் ஒழுக்குவலை. இருட்டில் வலையின் விளக்கு மினுக்கும், இரண்டு விளக்குக்கு நடுவே ஒருபோதும் போகாதீர்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் கன்டெய்னர்கள் இந்தக் கரையில்தான் வந்து ஒதுங்கின. மிதக்கிற எதையும் வெளிச்சம் வரும்வரை சந்தேகத்தோடு பாருங்கள்.

தங்கசேரி விளக்கு, அப்புறம் விடியும்போது வர்க்கலையின் சிவந்த மண்குன்று, அஞ்சுதெங்கு. அதையும் தாண்டினால் கல் போட்ட இரண்டு புலிமுட்டுக்கு (அலைத்தடுப்புச் சுவர்) நடுவே ஒரு வாய் தெரியும். அது முதலப்பொழி. களைப்பு, நாய் சிணுங்குகிறது, கொஞ்சம் கரையில் இறக்கிவிட்டுப் போகலாமே என்று தோன்றும் இடம் சரியாக அதுதான். உள்ளே திருப்பவே திருப்பாதீர்கள். மணல் அடைந்து ஆழம் மாறிக்கொண்டே இருக்கும் வாய் அது. தினமும் அதில் போய்வருகிற அந்த ஊர்க்காரர்களே அங்கே கவிழ்ந்து செத்திருக்கிறார்கள். உள்ளிருந்து தண்ணீர் வற்றி வெளியே வரும் நேரத்தில் வெளி அலை எதிரே வந்தால், அலை நிமிர்ந்து உடையும். வள்ளத்தின் பின்பக்கம் தூக்கி முன்பக்கம் குத்திவிடும். பொழிமுகம் எதற்கும் இதே விதிதான்.

எங்களுக்கு அந்த நேரம் செம்பன் மூச்சிரைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, என் காலுக்கு அடியில் தலையை நுழைத்துக் கிடந்தான். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறு காய்ந்து பிசுபிசுவென்று ஒட்டினாலோ, செக்கச்செவேலென்று ஆனாலோதான் வெயில் தாக்கியிருக்கிறது என்று பொருள். அப்படி ஆனால் வயிறு, தொடையிடுக்கு, பாதம் மூன்றையும் நனையுங்கள், வள்ளத்தை மெதுவாக்குங்கள். செம்பனையும் நனைத்தோம். பத்து நிமிடத்தில் எழுந்து மண்பெட்டிக்குப் போய்க் காலைத் தூக்கினான். நான் இவரைப் பார்த்துக் கையைத் தட்டினேன்.

தும்பாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலில் எந்தப் பகுதிக்குள் வரக்கூடாது என்று அறிவிப்பார்கள், காவல் நிலையத்தில் கடிதம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வலியதுறையில் இடிந்து நிற்கும் கடல் பாலத்தின் பக்கமே போகாதீர்கள். கோவளத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் தெரிந்தால் விழிஞ்ஞம் வந்துவிட்டது. அங்கே பாறையோரம் சிப்பி எடுக்க முங்கியிருப்பார்கள், எஞ்சினைக் குறைத்து வாருங்கள். புதிய சர்வதேசத் துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல்களின் வழியைக் குறுக்கே வெட்டாமல் மீன்பிடித் துறைமுகத்துக்குள் திரும்புங்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது, நிற்க நினைத்தாலும் அதற்கு முடியாது. பத்தரைக்கு வள்ளத்தைக் கட்டினோம்.

வழியில் தூண்டில் போடாதீர்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த மாநிலத்தின் மீன்பிடிச் சட்டம். கேரள உரிமம் நம் கரையில் செல்லாது. தவிர, நாய் இருக்கும் வள்ளத்தில் இரை குத்திய தூண்டில் முள் கிடந்தால் அது நேராக வயிற்றுக்குள் போகும்.

8. விழிஞ்ஞத்தில் ஒரு இரவு

நாயோடு லாட்ஜ் கிடைக்காது. தெரிந்தவர் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்களுக்குச் சித்தி வீடு இருந்தது.

துறைமுகத்து நாய்களிடம் கவனம். மீன் கழிவைச் சுற்றிக் கூட்டமாக இருக்கும், புது நாயைக் கண்டால் விடாது. இறக்கி நடத்தாமல் தூக்கிக்கொண்டே ரோட்டுக்கு வாருங்கள். கடித்துவிட்டால், கடித்தது உங்களையென்றால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாயைக் கடித்தாலும் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போடச் சொல்வார்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962.

இன்னொன்று, கரையில் செத்துக் கிடக்கும் பேத்தை மீன். அதை நாய் வாயில் வைக்க விடாதீர்கள். அதன் விஷத்துக்கு மருந்து கிடையாது. செம்பன் ஒன்றைக் கவ்விவிட்டான். நான் வாய்க்குள் விரலை விட்டுப் பிடுங்கி எறிந்து, இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நான்கு மணி நேரம் அவன் நடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

9. இரண்டாம் நாள்: எல்லையைத் தாண்டி

காலை ஐந்துக்குக் கிளம்பி ஏழரைக்குள் முடிந்துவிட்டது. பூவாற்றில் நெய்யாறு கடலில் சேரும் பொழியையும் ஒதுங்கியே தாண்டுங்கள். பொழியூர் முடிந்து நீரோடிக் குருசடி (சிறு சிலுவைக் கோயில்) தெரிந்ததும் நேராக எங்கள் வீட்டுக் கரையிலேயே ஏற்றிவிடலாம் என்று இவருக்கு ஆசை. கரையில் வந்து உடையும் அடிதிரையில் நாயோடு கரையேறுவது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வள்ளம் மணலில் தட்டும் நொடியில் நாய் குதிக்கும், வள்ளம் அடுத்த அலையில் அதன் மேலேயே வரும்.

தேங்காப்பட்டணத் துறைமுக வாயிலும் மணல் திட்டு உண்டு, அங்கேயும் உயிர்கள் போயிருக்கின்றன. வெளியே எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்து, உள்ளே போகும் ஊர் வள்ளம் ஒன்றின் பின்னாலேயே போனோம். அரைமணி காத்திருந்தாலும் பரவாயில்லை. கடல் சரியில்லை என்றால் இன்னும் ஏழெட்டு மைல் போய்க் குளச்சல்.

10. செலவுக் கணக்கு

எங்களுக்கு ஆனது ரூபாயில்: எஞ்சின் சர்வீஸ் 4,800, உதிரி 2,100, பெட்ரோல் 7,500, ஆயில் 800, எங்கள் லைஃப் ஜாக்கெட் இரண்டு 3,200, நாய் ஜாக்கெட் 1,900, முத்திரைத்தாள், நோட்டரி, சான்றுகள் எல்லாம் 6,500, நாய்க்கு ஊசி, மருந்து 1,150, சாப்பாடு, தண்ணீர் 900. மொத்தம் 28,850. இதில் காகிதம், சர்வீஸ், எங்கள் ஜாக்கெட் மூன்றும் லாரியில் வந்தாலும் ஆகியிருக்கும். எல்லா ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே பதிவு செய்யும்போது எஞ்சின் சர்வீஸ் ரசீதைக்கூடக் கேட்டார்கள்.

11. கரையேறிய பிறகு

அன்றைக்கே பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பார்த்து, வள்ளத்தை எங்கே ஏற்றி வைப்பது என்று கேளுங்கள். நம் கரைகளில் அரசாங்கக் காகிதம் இருந்தாலும் ஊர் சம்மதம் இல்லாமல் இடம் கிடைக்காது. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் வந்து சேர்ந்ததைச் சொல்லிவிடுங்கள். அந்த வாரமே மீன்வளத்துறையில் விண்ணப்பம் போடுங்கள். தமிழ்நாட்டு எண் கைக்கு வரும்வரை கேரள எண்ணை அழிக்காதீர்கள். வள்ளத்துக்கு அடிக்க வேண்டிய வண்ணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பெயின்ட் வாங்கும் முன் அலுவலகத்தில் கேளுங்கள். எங்களுக்குப் புது எண் வர ஐந்து வாரம் ஆனது.

எஞ்சினை நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். நாயையும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, கால்விரல் இடுக்கும் காதின் உள்பக்கமும் ஈரம் போகத் துடையுங்கள். முதல் இரண்டு வாரம் கட்டியே வளருங்கள், பழைய வீட்டைத் தேடிக் கடலோரமாக வடக்கே நடந்துவிடும். பத்தாவது நாள் காதை மறுபடி மோந்து பாருங்கள். செம்பனுக்கு அன்றைக்குத்தான் இடது காதில் வாடை அடித்தது. சொட்டு மருந்து ஏழு நாள் விட்டோம்.